சொல்லாமல் விட்ட ஐந்து வாரங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. தந்தி அலுவலகத்தில் சேர்ந்து, 38 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு இரண்டு வருடங்களாகக் கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். நான் திருச்சியில், தம்பி பெங்களூரில். மூன்று மாதங்களுக்கு முன் அவருக்கு ஒரு வீடியோ அழைப்பு வந்திருக்கிறது. போலீஸ் உடையில் இருந்த ஒருவன், அவருடைய ஆதார் எண்ணில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருப்பதாகச் சொல்லி, இரண்டு நாட்கள் கேமராவை அணைக்கவிடாமல் உட்கார வைத்திருக்கிறான். குளிக்கப் போகக்கூட அப்பா அனுமதி கேட்டிருக்கிறார். கடைசியில் வைப்புத்தொகையை உடைத்து 3,60,000 ரூபாயை அனுப்பிவிட்டார். ஐந்து வாரம் கழித்து, பாஸ்புக்கில் வரவு செலவு பதியப் போனபோதுதான் எனக்கே தெரிந்தது. ஸ்மார்ட்போனை வாங்கி வைத்துவிட்டுப் பட்டன் போன் கொடுக்கலாம், ஏடிஎம் அட்டையையும் நாமே வைத்துக்கொள்ளலாம் என்கிறான் தம்பி. (அவனும் போன வருடம் ஏதோ பங்குச் சந்தைக் குழுவை நம்பி 90,000 ரூபாய் விட்டவன்தான், அப்பாவுக்கு அது தெரியாது.) தம்பி சொல்வது சரியா? இது மறதி நோயின் ஆரம்பமாக இருக்குமா? அப்பா இப்போது யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. தன் பழைய தந்தி அலுவலக நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கம் போடுவார், அதையும் நிறுத்திவிட்டார்.

– பெயர் வேண்டாம், திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி சொல்வதைச் செய்ய வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

முதியோர் நல மருத்துவனாக என்னிடம் வரும் குடும்பங்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது, "எப்படி ஏமாந்தார்?" என்றுதான் கேட்கின்றன. "ஏன் நம்மிடம் சொல்லவில்லை?" என்று கேட்பவர்கள் குறைவு. உங்கள் கடிதத்தில் அந்த ஐந்து வாரம் இருக்கிறது. பணம் போன சில மணி நேரத்துக்குள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்திருந்தால், அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கிவைக்க வாய்ப்பு இருந்திருக்கும். அப்பாவுக்கு அந்த எண் தெரியாமல் இருந்திருக்கலாம். உங்கள் எண் நிச்சயம் தெரியும். அதற்கும் அவர் அழைக்கவில்லை.

இந்த மோசடி எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முதல் அழைப்பில் பார்சல் நிறுவனம், அல்லது "உங்கள் சிம் கார்டு முடக்கப்படும்" என்ற மிரட்டல். பிறகு சீருடை, பின்னணியில் காவல் நிலையம் போல ஒரு சுவர், முத்திரை குத்திய தாள். அதன்பிறகு அந்த முக்கியமான வாக்கியம்: "இது ரகசிய விசாரணை. பிள்ளைகளிடம்கூட சொல்லக் கூடாது, சொன்னால் அவர்களும் வழக்கில் வருவார்கள்." பணம் கேட்பதெல்லாம் கடைசியில். "சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவோம்" என்பார்கள். வேலை நடப்பது நடுவில், ஆளைத் தனிமைப்படுத்தும் அந்த மணி நேரங்களில்.

உங்கள் அப்பா யார் என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். 1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டத்தின்படி, தன் கையால் அனுப்பும் செய்தியில் என்ன இருக்கிறது என்பதை ஒரு தந்தி ஊழியர் வெளியே சொன்னால் அது குற்றமாக இருந்தது. எந்த வீட்டில் சாவு, எந்த வீட்டில் கல்யாணம் நின்றது, எந்த வியாபாரி நொடித்தான் என்று ஊருக்கு முன்பே தெரிந்துகொண்டு, வீட்டுக்குப் போய் மனைவியிடம்கூட வாய் திறக்காமல் 38 ஆண்டுகளைக் கழித்த மனிதர் அவர். தந்திச் சேவகர் சைக்கிளை நிறுத்தினாலே உள்ளே அழுகை கேட்கும். பிரித்துப் படிப்பது பிறகுதான். அரசாங்கத்திடமிருந்து வரும் செய்தி உண்மை, அவசரம், ரகசியம் என்ற மூன்றும் அவருக்குள் ஒன்றாகப் பதிந்தவை. சீருடை போட்ட ஒருவன் "இது ரகசியம்" என்று சொன்னபோது, அவர் அறிவிழந்து பணிந்தார் என்று நான் நினைக்கவில்லை. பழகிய கடமையைச் செய்தார். அந்த மோசடிக்காரனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. வலையை விரித்தான், அதில் அவர் பொருந்திப்போனார்.

படித்தவர், பணக்காரர், நிர்வாகம் செய்து பழகியவர் என்பதெல்லாம் காப்பாற்றுவதில்லை. 2024 ஆகஸ்டில், வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலிடம், உச்ச நீதிமன்ற விசாரணை போலவே ஒன்றை வீடியோவில் நடத்திக் காட்டி 7 கோடி ரூபாயைப் பறித்தார்கள். அப்போது அவருக்கு 82 வயது. ஆனால் அவர் வெளியே சொன்னார், புகார் கொடுத்தார், ஐந்து கோடிக்கு மேல் மீட்கப்பட்டது. ஹரியானாவின் அம்பாலாவில் ஒரு முதிய தம்பதி ஒரு கோடிக்கு மேல் இழந்துவிட்டு, நேராக உச்ச நீதிமன்றத்துக்கே எழுதினார்கள். 2025 அக்டோபரில் நீதிமன்றம் அதைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. இந்த இரண்டு செய்திகளையும் அப்பாவிடம் சொல்லுங்கள். ஆறுதலாகச் சொல்ல வேண்டாம், நாட்டு நடப்பாகச் சொல்லுங்கள். தன்னைப் போல முட்டாள் உலகத்தில் வேறு யாரும் இல்லை என்ற நினைப்பில்தான் அவர் இப்போது உட்கார்ந்திருக்கிறார்.

கூடவே ஒரு வரியை அவர் காதில் விழும்படி இரண்டு மூன்று முறை சொல்லிவையுங்கள்: வீடியோ அழைப்பில் கைது செய்வது என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. காவல்துறை விசாரணை நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சட்டம், விதி, சுற்றறிக்கை என்ற மொழி அவருக்குப் புரிந்த மொழி. "ஜாக்கிரதையாக இருங்கள் அப்பா" என்பதைவிட அது அவரிடம் எடுபடும்.

இனி உங்கள் தம்பியின் யோசனை. பட்டன் போன் கொடுத்தால் மோசடி நிற்குமா? நிற்காது. அதிலும் அழைப்பு வரும், கடவு எண் கேட்பார்கள். ஆனால் வேறு பல விஷயங்கள் நின்றுவிடும். அப்பாவுக்கு நவம்பர் மாதம் வந்தால் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். 2014இல் அது மின்னணு முறைக்கு வந்தது. 2021 நவம்பர் முதல் கைபேசியில் முகத்தைக் காட்டியே கொடுக்க முடிகிறது. கைரேகை தேய்ந்துபோன எத்தனையோ பேருக்கு அது பெரிய உதவி. (தபால்காரர் வீட்டுக்கே வந்து, சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு செய்து தரும் வசதியும் இருக்கிறது. 70 வயது கடந்தவர்களுக்கு வீடு தேடி வந்து வங்கிச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017இல் சொல்லியிருக்கிறது. உங்கள் கிளையில் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது மேலாளரின் முகத்தையும் பாருங்கள்.) ரயில் டிக்கெட், எரிவாயு, மின்கட்டணம் எல்லாம் கைபேசிக்குள் போய்விட்ட காலத்தில், அதைப் பிடுங்கினால் ஒவ்வொன்றுக்கும் அவர் உங்களை அழைக்க வேண்டும். நீங்கள் சலிக்காமல் செய்வீர்கள், சந்தேகமில்லை. ஆனால் அவர் கேட்பதைக் குறைத்துக்கொள்வார். முதியவர்கள் அப்படித்தான். மூன்றாவது முறை கேட்பதற்குள் அந்தத் தேவையே இல்லாதது போல் இருந்துவிடுவார்கள்.

அந்தக் காலை வணக்கத்தை இளக்காரமாக நினைக்காதீர்கள். பூங்கொத்துப் படமும் பொன்மொழியும் நமக்குக் குப்பையாகத் தெரியும். எழுபது கடந்தவர்களின் குழுவில் அது வருகைப் பதிவேடு. இரண்டு நாள் ஒருவர் வணக்கம் போடவில்லை என்றால் மூன்றாம் நாள் யாராவது தொலைபேசியில் அழைப்பார்கள். உங்கள் அப்பா நிறுத்தியபோதும் யாரோ அழைத்திருப்பார்கள், அவர் எடுத்திருக்க மாட்டார். அந்த நண்பர்களில் ஒருவரின் எண் உங்களிடம் இருந்தால் பேசுங்கள். நடந்ததை நீங்கள் சொல்ல வேண்டாம், அது அவர் சொல்ல வேண்டிய விஷயம். "அப்பா கொஞ்சம் சோர்ந்திருக்கிறார், ஒருமுறை வந்து பாருங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள்.

அதே குழுவிலிருந்து தவறான செய்திகளும் வரும். அமெரிக்காவில் 2016 தேர்தல் சமயத்தில் பேஸ்புக் பயன்பாட்டைப் பற்றி நடந்த ஓர் ஆய்வில், 65 வயது கடந்தவர்கள் இளையவர்களைப்போல் கிட்டத்தட்ட ஏழு மடங்கு பொய்ச் செய்திகளைப் பகிர்ந்தது தெரியவந்தது. இந்த வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆய்வில், எல்லா வயதிலும் பெரும்பாலானவர்கள் ஒரு பொய்ச் செய்தியைக்கூடப் பகிரவில்லை என்றும் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. நம் ஊரில் இது வெறும் எரிச்சலோடு முடிகிற விஷயமும் இல்லை. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வதந்தி பரவியிருந்த சமயத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் போளூர் அருகே குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த சென்னையைச் சேர்ந்த 65 வயது அம்மாள் ஒருவரை அடித்தே கொன்றார்கள். வதந்தியால் செத்தவர் ஒரு முதியவர். அந்த ஆண்டு ஜூலையில்தான் இந்தியாவில் வந்த ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் பகிர முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. அப்பா மீண்டும் குழுவுக்குப் போகும்போது, அவர் அனுப்புவதைத் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். "அப்பா, இது எங்கிருந்து புறப்பட்டது?" என்று மட்டும் கேளுங்கள். அனுப்புநர் யார், எந்த அலுவலகம் என்று தெரியாத தந்தியை அவர் வாழ்நாளில் தொட்டதில்லை.

மறதி நோயா என்று கேட்டீர்கள். கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இந்த ஒரு சம்பவத்தை வைத்து அப்படிச் சொல்லவும் கூடாது. பணத்தைக் கையாள்வதில் வரும் தடுமாற்றம் சிலருக்கு முதல் அறிகுறியாக இருப்பது உண்மை. ஆனால் அது தனியாக வராது. ஒரே மின்கட்டணத்தை இரண்டு முறை கட்டுகிறாரா? பால் கணக்கு, மளிகைக் கணக்கு முன்புபோல் மனதில் நிற்கிறதா? பழகிய தெருவில் வழி தப்பினாரா? சொன்னதையே பத்து நிமிடத்தில் திரும்பச் சொல்கிறாரா? கடந்த ஓராண்டில் இவற்றில் இரண்டு மூன்று புதிதாகத் தோன்றியிருந்தால் பரிசோதனை அவசியம். இல்லையென்றாலும் ஒருமுறை காட்டுங்கள். ஏனென்றால் மறதி போலத் தோன்றுவதெல்லாம் மறதி நோய் இல்லை. தைராய்டு குறைவு, பி12 குறைவு, அடிக்கடி தாழும் சர்க்கரை, காது மந்தம் எல்லாம் மனிதரைக் குழப்பும், சரிசெய்யக்கூடியவை. சென்னைக்கு வர முடிந்தால், கிண்டியில் 2024இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மையம் இருக்கிறது. அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தொடங்கலாம்.

காது விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், இதை யாரும் கவனிப்பதில்லை. வயதாகும்போது முதலில் போவது கூர்மையான ஒலிகள். பேசுவது கேட்கும், சொற்கள் பிரிந்து விழாது. தொலைபேசியில் இன்னும் மோசம். இரண்டு முறை "என்ன?" என்று கேட்டுவிட்டு மூன்றாவது முறை "சரி சரி" என்று தலையாட்டிவிடுவார்கள். மோசடிக்காரனுக்கு அந்த "சரி" போதும்.

அப்பா மந்தமாக இருக்கிறார், சாப்பாடு குறைந்திருக்கிறது, விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து உட்கார்ந்திருக்கிறார் என்றால், நான் மறதியைவிட மனச்சோர்வைத்தான் முதலில் சந்தேகிப்பேன். அம்மா போய் இரண்டு வருடம், இப்போது இந்த அவமானம். "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்பது போல ஏதாவது சொன்னால் அதைப் புலம்பலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள், அன்று இரவு அவரைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண் எந்த நேரத்திலும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம்.

கைபேசியைச் சொல்லிக்கொடுப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், நான் செய்த தப்பிலிருந்து. என் அம்மா எதையாவது அழுத்தி வேறெங்கோ போய்விடுவார். நான் கையிலிருந்து வாங்கி, நான்கு விநாடியில் சரிசெய்து திருப்பிக் கொடுப்பேன். "பார்த்தாயா, இவ்வளவுதான்." அவர் எதையும் பார்க்கவில்லை, என் கட்டைவிரல் ஓடியதைத்தான் பார்த்தார். இரண்டு வருடம் இப்படியே போனது, அவர் கற்றுக்கொள்ள மாட்டார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஒருநாள் பேத்தி உட்கார்ந்து, போனைத் தொடாமல், வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்தாள். அம்மா ஒரு நோட்டில் தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டார்: "பச்சை உருண்டை. அதில் கேமரா படம். ஒருமுறை மட்டும் தொடு." இப்போது என்னைவிட அதிகம் வீடியோவில் பேசுகிறார்.

அந்த "ஒருமுறை மட்டும் தொடு" என்பதில் உடலியல் இருக்கிறது. தொடுதிரை, விரலின் ஈரத்தையும் மின்கடத்தும் தன்மையையும் வைத்து உணர்வது. வயதானால் விரல் நுனி உலர்ந்துபோகும், திரை உணராது, அவர்கள் இன்னும் அழுத்துவார்கள். அந்த நீண்ட அழுத்தத்தைத் திரை வேறு கட்டளையாக எடுத்துக்கொண்டு எங்கோ போய்விடும். "எதைத் தொட்டாலும் கெட்டுப்போகிறது" என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை. அமைப்புகளில் அணுகல்தன்மை என்றொரு பகுதி இருக்கும். அதில் தொட்டுப் பிடிப்பதற்கான நேரத்தை நீட்டி வையுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள். பழக்கமில்லாத எண்களிலிருந்து வரும் அழைப்புகளை வாட்ஸ்அப்பில் ஒலிக்காமல் செய்யும் வசதியும் உண்டு, அதை இயக்கிவிடுங்கள். எல்லாவற்றையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரலால்.

பணம். ஐந்து வாரம் தாண்டியிருந்தாலும் 1930இலும் தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகார் பதிவாகட்டும். திரும்பி வரும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இன்னும் கொஞ்ச நாளில் ஒருவன் அழைப்பான்: "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்கட்டணம் மட்டும் கட்டுங்கள்." ஒருமுறை ஏமாந்தவர்களின் எண்கள் கை மாறுகின்றன. இதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஏடிஎம் அட்டை அவரிடமே இருக்கட்டும். அதற்குப் பதிலாக வங்கிக்கு அவரோடு போய், அன்றாடச் செலவுக்கு ஒரு சிறு கணக்கைப் பிரித்து, கைபேசிப் பணப் பரிமாற்றத்தை அதோடு மட்டும் இணையுங்கள். தினசரி வரம்பைக் குறைக்கலாம். வைப்புத்தொகையை இருவரும் கையெழுத்திட்டால்தான் உடைக்க முடியும் என்று மாற்றவும் முடியும். ஆனால் இதை அவர் விரும்பிச் செய்ய வேண்டும். "இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது, உங்களுக்கு எது சரியாகப் படுகிறது?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் ஒரு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். அவர் பணம் அது.

பிள்ளைகளின் குரலையே போலியாகச் செய்து காசு கேட்கிறார்கள் இப்போது. அதற்கு வீட்டுக்குள் ஒரு குறிச்சொல் வைத்துக்கொள்வது நல்லது. அதை அப்பாவே தேர்ந்தெடுக்கட்டும். வாழ்த்துத் தந்திகளுக்கு வாசகத்துக்கொரு எண் வைத்திருந்த துறையில் இருந்தவர், நீங்கள் யோசிப்பதைவிட நல்லதாக ஒன்று தருவார்.

கடைசியாகத் தம்பி. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, பயத்தில் பேசுகிறார். ஆனால் இந்த வீட்டில் இரண்டு பேர் ஏமாந்திருக்கிறார்கள். ஒருவருடைய போனை மட்டும் பிடுங்குவது பற்றிப் பேச்சு நடக்கிறது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது, அப்பாவின் விஷயத்தைத் தொடுவதற்கு முன், தன் 90,000 ரூபாய்க் கதையை அவர் அப்பாவிடம் சொல்லட்டும். எந்தக் குழு, என்ன ஆசை காட்டினார்கள், எத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தார் என்பது வரை முழுதாக. நீங்கள் பக்கத்தில் இருங்கள், குறுக்கே பேசாதீர்கள். அப்பா திட்டினால் திட்டட்டும்.

மருத்துவரிடம் போகும்போது அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரை ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.